தேய்க்காமல் விட்ட தகடு

சட்டையின் மேல் பொத்தானை மட்டும் போட முடியவில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ தள்ளி, இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுவிட்டேன். கழுத்துக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு பொத்தான் விரல்களுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிடித்திருக்கிற சேதி கைக்குத்தான் வரவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து பாதிவரை சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்துக் கிடந்தன. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரைத் திறந்து, கையை அதற்கடியில் பிடித்தபடி நின்றேன். ரத்தம் திரும்பி வரும்போது ஊசி ஊசியாக ஒரு வலி வரும். அந்த வலிக்காகத்தான் காத்திருந்தேன். வலி வந்தால் விரல் இன்னும் என்னுடையதுதான். வெளியே என் வீட்டுக்காரர், "தண்ணி இந்த ஓட்டம் ஓடுதே, உள்ள என்ன கப்பலா விடுற?" என்று கேட்டார். வர்றேன் என்று மட்டும் சொன்னேன். பொத்தான் போடாமலே வேலைக்குக் கிளம்பினேன்.

பாய்லர் செய்கிற பட்டறையில் நான் கிரைண்டர் பிடிக்கிறவள். வெல்டர்கள் இரும்பை இரும்போடு ஒட்டுவார்கள். அவர்கள் ஒட்டின இடத்தில் மேடு, பள்ளம், பொத்தல், கசடு என்று எது இருந்தாலும் என்னிடம் வரும். தேய்த்துச் சரி பண்ணுவேன். கிரைண்டரில் சுற்றுகிற வட்டுக்குப் பட்டறையில் கல்லு என்று பேர். எனக்கும் அதே பேர்தான். கல்லு அக்கா எங்கே, கல்லு அக்காகிட்ட கொடு, கல்லு அக்கா பார்த்தாச்சா. இவர்கள் வாயில் என் சொந்தப் பேர் வந்து பல வருஷம் ஆகிறது. காலையில் கிரைண்டரைக் கையில் எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் அடுத்தவன் செய்த தப்பைத் தேடுவதுதான் பிழைப்பு. எத்தனை வருஷம் அந்த அதிர்வு கைக்குள் இறங்கியிருக்கும். போன மாதம் டாக்டரிடம் போனேன். அவர் என் கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொல்லி, விரல் வெளுப்பதைப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த மெஷினைப் பிடிக்காதீங்க. பிடிச்சா விரல் இப்படியே தங்கிடும்" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "எத்தனை நாளைக்குன்னா? எப்பவுமேதான்" என்றார். வெல்டிங் பண்ணலாமா என்றேன். அதிர்வு இல்லாத வேலை எதுவும் பண்ணலாம் என்றார்.

பட்டறையில் இதை நான் சொல்லவில்லை. கல்லுப் பிடிக்க முடியாத கல்லு அக்காவுக்கு அங்கே என்ன வேலை? மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். ஆக எனக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. கை முழுசாகச் சாவதற்குள் வெல்டர் ஆகிவிட வேண்டும்.

அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. இரண்டு தகடுகளை விளிம்புக்கு விளிம்பு எதிரெதிரே செங்குத்தாக நிறுத்தி, நடுவில் இருக்கிற பள்ளத்தை வெல்டிங் போட்டு நிரப்ப வேண்டும். முதல் ஓட்டம் அடியில் போகும், அதை ரூட் என்போம். அதற்கு மேல் இரண்டு மூன்று ஓட்டம். கடைசியில் எல்லாவற்றையும் மூடுகிற மேல் ஓட்டம். முடிந்ததும் வெளியிலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்ப்பார், கேஜ் வைத்து அளப்பார். அவர் சரி என்றால் தகட்டைப் பட்டை பட்டையாக அறுத்து பிரஸ்ஸில் வைத்து வளைப்பார்கள். விரிசல் விடாமல் வளைந்தால் நீ வெல்டர். ஒரு ஆளுக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு. நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன்.

எப்படித் தோற்றேன் தெரியுமா? வெல்டிங் தெரியாமல் இல்லை. சாப்பாட்டு நேரத்திலெல்லாம் துண்டு இரும்பில் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டவள் நான். முதல் தடவை மேல் ஓட்டம் முடிந்து, கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மேல் ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு மேடு. மேட்டை யாரும் தப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் என் கண் இருக்கிறதே, சனியன், அது வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்றது. ஒரே ஒரு தொடு தொட்டுவிடலாம் என்று கிரைண்டரை எடுத்தேன். மேடு போனது. மேடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு மேடு தெரிந்தது. அதையும் தொட்டேன். நேரம் முடிந்து மணி அடிக்கும்போது இரண்டு விரல் அகலத்துக்கு வெல்டிங் தகட்டின் மட்டத்துக்கும் கீழே போயிருந்தது. இன்ஸ்பெக்டர் கேஜை வைத்தார், எடுத்தார், தகட்டை ஓரமாகத் தள்ளினார். இரண்டாவது தடவை, மேல் ஓட்டத்தில் கல்லை வைக்கவே மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனேன். சபதம் மேல் ஓட்டத்துக்குத்தானே. ரூட் போட்டதும் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்வது வழக்கம். சுத்தம் செய்தேன், செய்தேன், காகிதமாகும்வரை செய்தேன். அடுத்த ஓட்டம் போட்டபோது அது உருகிப் பெரிய ஓட்டை விழுந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். அந்தக் கதையில் தாழி தானாக உடைகிறது. இங்கே உலக்கையை எடுத்து உடைத்தவளே நான்தான்.

வீட்டுக்கு வந்து, கரண்ட் ஏறி இறங்கியது, அதனால் ஓட்டை விழுந்துவிட்டது என்றேன். என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஊரார் கதையைக் கேட்கிற ஆள், பொய் எந்தச் சந்துக்குள் நுழைகிறது என்று அவருக்குத் தெரியும். "போன தடவை தகடு சரியில்ல. இந்தத் தடவை கரண்ட் சரியில்ல. நீ மட்டும் எப்பவும் சரியாத்தான் இருக்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. எனக்கு இது புதுசா என்ன? தையல் படித்தேன், கடைசி வாரத்தில் நின்றேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன், லைசென்ஸ் வாங்கப் போன அன்று அந்த ஆபீஸ் வாசலைத் தாண்டி நேராகப் போய், சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். காய்கறி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு வாங்கின முட்டைக்கோஸ் வாடிப்போய்க் குப்பைக்குப் போகும்வரை அதைச் சமைக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை என்று ஃபோர்மேன் வந்து சொன்னார். அவர் சொல்லி முடித்த வேகத்திலேயே என் வாய் திறந்து, "சார், வியாழக்கிழமை டபுள் ஷிஃப்ட்டுக்கு ஆள் கேட்டீங்களே, நான் நிக்கிறேன்" என்றது. ஃபோர்மேன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மறுநாள் டெஸ்ட்டை வெச்சுக்கிட்டா?" என்றார். அதெல்லாம் பரவாயில்ல சார் என்றேன். என்ன வேலை செய்துவிட்டேன் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. தோற்ற பிறகு சொல்வதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது எனக்கு. டெஸ்ட்டுக்கு முன்னாடியே அதைத் தயார் பண்ணிக்கொண்டுவிட்டேன். அக்கா ராத்திரி முழுக்கக் கண் முழிச்சாங்க, பாவம், கை ஓடலை. இப்படி நாலு பேர் சொல்வது இப்போதே என் காதில் விழுந்தது. அதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் பயம் வந்தது.

வெல்டர்களில் ஒருவன் ஒட்டகம். கழுத்து அப்படி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், முதல் தடவையிலேயே தேறியவன், அந்தத் திமிர் கொஞ்சமும் இல்லாதவன், என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறக்கிறவன். புதன்கிழமை டீ நேரத்தில் என் கையிலிருந்து கிளாஸ் நழுவி அவன் காலடியில் விழுந்து உடைந்தது. பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் கிளாஸைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தான். சட்டென்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். அவன் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே என் மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது உங்க டெஸ்ட் தகடுதானே?"

ஆமாம். முதல் தடவை தோற்ற தகடு. கழிவு இரும்போடு போட்டிருந்தார்கள். என் மேஜையின் ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு முட்டுக் கொடுக்க எடுத்து வைத்தேன். அவன் மேஜையைத் தூக்கி அதை உருவினான். துடைத்தான். அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பார்த்தான்.

"இதை வெட்டிப் பார்த்தீங்களா?"

"ரிஜெக்ட் ஆன தகட்டை எவன்டா வெட்டுவான்? செத்தவனுக்கு வைத்தியமா?"

"இல்லக்கா. மேல பார்த்துத்தானே ரிஜெக்ட் பண்ணாங்க. உள்ள எப்படி இருக்குன்னு யாருக்குமே தெரியாதே. வெட்டலாமா?"

வேண்டாம் என்றேன். எதுக்கு என்றான். வேண்டாம்னா வேண்டாம், வைடா கீழே என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தகட்டை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான். நான் உட்கார்ந்து அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சொத்தையாக இருந்தால் எனக்கு வெல்டிங் வரவில்லை, அவ்வளவுதான். வராத ஒன்றுக்காக யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லிக்கொள்ள வேண்டாம். உள்ளே நன்றாக இருந்தால்? அதை யோசிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்ததும்தான் எழுந்து, தகட்டைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். வெட்டித் தொலை என்றேன்.

அறுக்கிற மெஷினில் வைத்து நாலு பட்டையாக அறுத்தான். நான் தேய்த்த மேல் ஓரம் ஒரு பட்டையில் மெலிந்து, பக்கவாட்டில் பார்த்தால் தேய்ந்துபோன செருப்பு மாதிரி இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, நான் கை வைக்காத இடத்திலிருந்து வந்த மூன்று பட்டைகளையும் மேடு தேய்த்து ஒவ்வொன்றாக பிரஸ்ஸில் வைத்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா, திரும்புங்க என்றான். மூன்றும் குதிரை லாடம் மாதிரி வளைந்து மேஜையில் கிடந்தன. வளைவின் மேல் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று இருந்தன.

"என்னோடதுல கூட ஒரு சின்னப் புள்ளி இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் போனாப் போகுதுன்னு விட்டாரு" என்றான் ஒட்டகம். குரலில் லேசாக ஒரு வருத்தம்கூட இருந்தது. பிறகு மெலிந்த பட்டையை எடுத்து ஆட்டிக் காட்டி, "இதைத் தேய்க்காம விட்டிருந்தீங்கன்னா அப்பவே நீங்க வெல்டர்க்கா" என்றான்.

அவன் என்னவோ நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் பல்லைக் காட்டினான். எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாளும் எதற்குப் பயந்தேன்? என் வெல்டிங் உடைந்துவிடும் என்று. உடையாது என்று இப்போது மேஜை மேல் மூன்று சாட்சி கிடக்கிறது. இனி எதன் மேல் பழி போடுவேன்? தகட்டின் மேல் போட முடியாது, கரண்ட்டின் மேல் போட முடியாது. என்னைத் தடுக்கிற ஆள் நான் ஒருத்திதான், அவளோ நான் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிறாள். வெள்ளிக்கிழமையும் வருவாள். அங்கே இருந்த காலி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சலூனுக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. அவர் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தேன். வருகிற வழியில் காற்று குளிர்ந்திருந்தது, விரல்கள் வெளுத்துத்தான் இருந்தன. அவர் கண்ணாடியில் பார்த்தார். விளக்குமாறைச் சாத்திவிட்டு வந்து, என் விரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். எண்ணெய் தேய்க்கிற கை, பழகின சூடு.

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துல ஆரம்பிச்சது."

"சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க பயப்படுவீங்க."

"இப்ப ரொம்ப தைரியமா நிக்கிறேன் பாரு" என்றார். சொல்லிவிட்டு இன்னும் வேகமாகத் தேய்த்தார். டாக்டர் சொன்னது, டபுள் ஷிஃப்ட், தகட்டை வெட்டினது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுதுகொண்டே, நாளன்னைக்கும் நான் கிரைண்டரை எடுத்துடுவேங்க, எனக்குத் தெரியும், எடுத்துடுவேன் என்றேன். அவர் என் அடுத்த கையை எடுத்துக்கொண்டார். "எங்க தொழில்ல இது எல்லாருக்கும் வர்ற நோய்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு வெட்டுவோம். இப்ப அந்தப் பக்கம் தூக்கலாத் தெரியும். விட்டா மொட்டைதான். நான் கண்ணாடியைக் காட்டிட்டேன்னா கத்திரியை டிராயர்ல போட்டு மூடிடுவேன்" என்றார். அப்புறம், "அந்த டபுள் ஷிஃப்ட்டை முதல்ல ரத்து பண்ணு" என்றார். மறுநாள் காலையில் போனதும் ஃபோர்மேனிடம், இன்றைக்கு டபுள் ஷிஃப்ட் நிற்க முடியாது என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. என் கையில் இருந்த ஒரே சாக்கையும் நானே தூக்கிப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. டெஸ்ட் நடக்கிற தடுப்புக்குள் ஒரு ஸ்டூல், வெல்டிங் மெஷின், தகடுகளை நிறுத்துகிற சட்டம், அதற்குப் பக்கத்தில் ஒரு கிரைண்டர். இன்ஸ்பெக்டர் வயசான ஆள் இல்லை, நாற்பதுக்குள்தான் இருக்கும். மேல் சட்டையில் இங்க் கறை. என்னிடம் விதிகளைப் படித்துக் காட்டினார். முடித்ததும் கேட்டேன்.

"சார், ரூட் முடிஞ்சதும் இந்த கிரைண்டரை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"ஏன்?"

"இருந்தா எடுத்துடுவேன் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேலி இல்லை. "எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்மா. உங்களுக்கு வெச்சிருக்கிற கருவியை நான் நடுவுல எடுத்துட்டுப் போக முடியாது" என்றார். சலூன் மாதிரி இங்கே டிராயர் இல்லை. மூடி இல்லை. மூடி வைக்க நான்தான் இருக்க வேண்டும்.

ஆரம்பித்தேன். முகமூடியை இறக்கினால் உலகம் இருட்டு, நடுவில் ஒரு சின்ன வெளிச்சக் குளம் மட்டும். வெல்டிங் ராடு உருகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேலே ஏறினேன். ரூட் நன்றாகப் போனது. சுத்தம் செய்ய கிரைண்டரை எடுத்தேன். ஒரு தடவை போய் ஒரு தடவை வந்து, நிறுத்தி, கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். யார் சிரித்தால் என்ன. நடு ஓட்டங்கள் முடிந்தன. மேல் ஓட்டத்தில் பாதிக்கு மேல் ஏறியிருப்பேன், ராடு தீர்ந்தது. வேறு ராடு மாட்ட வேண்டும். மாட்டுகிற நேரத்தில் விரல்கள் போய்விட்டன. பயத்துக்கும் அது வரும் என்று டாக்டர் சொல்லவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்தது. ராடு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து, கண்ணால் பார்த்துப் பார்த்து மாட்டி, மறுபடி தொட்டு ஆரம்பித்தபோது ஒரு நொடி தாமதமாகிவிட்டது. ஓட்டம் மேல் ஓரம்வரை போய் முடிந்தது. முகமூடியைத் தூக்கினேன்.

கசடைத் தட்டினேன். கம்பி பிரஷ் போட்டேன். புகை விலகியது. ராடு மாற்றின இடத்தில் ஒரு பள்ளம்.

பள்ளம் என்றால் பெரிய பள்ளம் இல்லை. நகத்தால் அழுத்தின மாதிரி ஒன்று. தகட்டின் மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. அதன் இரண்டு பக்கமும் இருக்கிற மேட்டைக் கொஞ்சம் தேய்த்தால் பள்ளமே தெரியாது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கிரைண்டர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது, ஒயரோடு, தயாராக. எடு என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், குரல் மாதிரியே கேட்டது. அதுவும் யாரோ குரல் இல்லை, என் குரல். இப்படியே கொடுக்கப் போறியா, அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சிரிக்கப் போறாங்க, இத்தனை வருஷம் அடுத்தவன் வெல்டிங்கைக் குறை சொன்ன கல்லு அக்காவோட லட்சணத்தைப் பாருன்னு சொல்லப் போறாங்க. ஒரே ஒரு தொடு. வலது கை கிரைண்டரின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. நான் அனுப்பவில்லை. விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் அது அங்கே போனதே எனக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு, நேரம் மிச்சம் இருக்கும்போதே, முடிஞ்சது சார் என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னதாகத்தான் குரல் வந்தது. மறுபடி சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக அந்தப் பள்ளத்துக்குத்தான் அவர் கண் போனது. கேஜை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வைத்தார். நான் அவர் சட்டையில் இருந்த இங்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மட்டத்துக்கு மேலதான் இருக்கு. வளைச்சுப் பார்க்கலாம்" என்றார்.

வளைப்பதற்கு முன் பட்டைகளின் மேட்டைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அது எப்போதும் என் வேலை. அன்றைக்கு ஒட்டகத்தைக் கூப்பிட்டார்கள். அவன் என் பட்டையின் மேல் கல்லை வைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. போதும்டா என்றேன். இப்பத்தானேக்கா வெச்சேன் என்றான். போதும், போதும், விடு என்றேன். ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொன்றாக பிரஸ்ஸில் வைத்தார்கள். முதல் பட்டை வளைந்தது, இன்ஸ்பெக்டர் பார்த்தார், வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. மூன்றிலும் விரிசல் இல்லை. கடைசியாக ராடு மாற்றின இடத்துப் பட்டை. மேடு போய்விட்டதால் பள்ளம் வெளியே தெரியவில்லை. அதற்கு அடியில் கசடு சிக்கியிருந்தால் வளையும்போது வாயைப் பிளக்கும். "நீங்க வேணும்னா வெளியே நில்லுங்கம்மா, சொல்றோம்" என்றார் ஃபோர்மேன். இங்கேயே நிக்கிறேன் சார் என்றேன். பிரஸ் இறங்கியது. இரும்பு முனகுகிற ஒரு சத்தம் வரும், அது வந்தது. பட்டை நடுவில் குழிந்து, இரண்டு முனையும் மேலே எழும்பி, ஒன்றையொன்று பார்த்தபடி நின்றது. இன்ஸ்பெக்டர் அதை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மற்ற மூன்றுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றிருந்தேன், எப்போது போனேனோ. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பட்டையை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எல்லார் வேலையையும் பார்க்கிறவங்கதானே. பார்த்துச் சொல்லுங்க."

வாங்கினேன். வளைந்த வேகத்தில் இரும்பு சூடாகியிருந்தது என்பதை உள்ளங்கைதான் சொன்னது. வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணில் நீர் நின்று ஒன்றும் தெரியவில்லை. கண்ணை நம்பாவிட்டால் தடவித்தான் பார்ப்போம். முடியளவு கீறல் இருந்தாலும் விரல் நுனி தடுக்கும். வளைவின் மேல் கட்டை விரலை வைத்து ஓட்டினேன். விரல் நகர்வது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டி விரலால் ஓட்டினேன். அதுவும் ஊமையாக இருந்தது. ஒட்டகம், அக்கா என்றான் மெதுவாக.

பட்டையை முகத்துக்குக் கொண்டுபோனேன். அத்தனை பேர் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வளைவைக் கன்னத்தில் வைத்து, கீழிருந்து மேலாக மெல்ல மெல்ல இழுத்தேன். எங்கேயும் தடுக்கவில்லை.